வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று, மடியில் லேப்டாப்

தலைப்பிரசவம் என்றால் ஊரே கூடி நிற்கும். வளைகாப்பு, அப்புறம் தாய்வீடு, மூன்று வேளையும் கைக்கு வந்து சேரும் சாப்பாடு. இரண்டாவதுக்கு அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. மூத்ததை ப்ளே ஸ்கூலில் சேர்த்திருப்பீர்கள். அதைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ போய் மூன்று மாதம் உட்கார முடியாது. ஆபீஸிலும் நிலைமை மாறியிருக்கும். அப்போது டீமில் ஒருவர், இப்போது டீமே உங்கள் பொறுப்பு. சுமை கூடி, தாங்கும் கை குறைந்திருக்கிற நேரத்தில்தான் பெரும்பாலும் இரண்டாவது கர்ப்பம் வருகிறது. சென்னையில் ஓ.எம்.ஆரிலும் கிண்டியிலும் அம்பத்தூரிலும் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டில் இரண்டு மூன்று வயதுக் குழந்தையும் வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்கி அதில் மூன்று காலண்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. ஒன்று கர்ப்ப வாரம், கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 40 வாரம். இரண்டாவது ஆபீஸ்: ரிலீஸ், ஆடிட், அப்ரைசல். மூன்றாவதில் மூத்த பிள்ளையின் பள்ளி விடுமுறையும் சென்னையின் வெயிலும் மழையும். மூன்றும் ஒரே வாரத்தில் மோதும் இடங்கள் சிவப்பாகத் தெரியும். வயிறு நகராது, மழை நகராது, பள்ளி திறக்கும் தேதி நகராது. நகர்த்தக்கூடியது ஆபீஸ் வேலை ஒன்றுதான். ஆனால் நம்மில் அதிகம் பேர் செய்வது தலைகீழ்: ரிலீஸுக்காக ஸ்கேனைத் தள்ளிப் போடுகிறோம்.

ஓர் உதாரணம். கடைசி மாதவிடாய் மார்ச் 1 என்று வையுங்கள். மசக்கை வாட்டும் 6 முதல் 12 வாரம் ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை வரும். அதாவது கத்திரி வெயில், ப்ளே ஸ்கூல் லீவு, அப்ரைசல் மூன்றும் சேர்ந்த நேரம். 24 முதல் 28 வாரம் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. மொத்தக் கர்ப்பத்திலும் உடம்பு ஓரளவு ஒத்துழைக்கும் காலம் அதுதான், கடினமான ஆபீஸ் வேலையை அங்கே வையுங்கள். 34 வாரம் அக்டோபர் கடைசியில் முடியும், வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். பிரசவத் தேதி டிசம்பர் முதல் வாரம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மூழ்கடித்ததும் அதே முதல் வாரத்தில்தான். இந்தக் கணக்கு தாளில் இல்லாமல் மனதில் மட்டும் இருந்தால் நவம்பர் கடைசியில்தான் உறைக்கும்.

முதல் 12 வாரம்

காலையில் எழுந்ததும் வாந்தி வருவது வெறும் வயிற்றோடு எழுவதால் அதிகமாகும். தலைமாட்டில் ரஸ்க்கோ பொரியோ வைத்து, இரண்டு வாய் தின்று, பத்து நிமிடம் கழித்து எழுந்திருங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் இடையிடையே குடியுங்கள். தாளிப்பு வாசனை ஆகாவிட்டால் சமையல் பொறுப்பு அந்த ஆறு வாரத்துக்குக் கணவருக்கோ சமையலுக்கு வரும் அக்காவுக்கோ போகட்டும். இதில் கூச்சம் வேண்டாம். குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எடை இறங்குகிறது என்றால் அது சாதாரண மசக்கை இல்லை, அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் கொடுக்கத் தகுந்த வாந்தி மாத்திரைகள் இருக்கின்றன. “முதல் பிள்ளைக்கும் இப்படித்தான், தானாகப் போயிடும்” என்று காத்திருந்து, உடம்பில் நீர் வற்றிப் போய் டிரிப்ஸ் ஏற்றும் நிலைக்கு வருவது கத்திரி மாதத்தில் சகஜம்.

போலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், முடிந்தால் கருத்தரிக்கும் முன்பிருந்தே. வயிற்றில் இருக்கும் குழந்தையின் கழுத்துத் தடிமன் பார்க்கும் என்.டி. ஸ்கேனுக்கு 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைதான் இடம். தவறவிட்டால் திரும்பச் செய்ய முடியாது. அந்தத் தேதியைச் சார்ட்டில் முதலில் குறியுங்கள். உறுப்பு வளர்ச்சி பார்க்கும் பெரிய ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில்.

தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்கள் மறக்கும் ஒரு விஷயம் பிக்மி என்ற அரசுக் கர்ப்பப் பதிவு. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பெறும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் சிக்கலில்லாமல் வரும். உங்கள் வார்டின் மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட் காட்டிப் பதியலாம், ஆன்லைனிலும் பதியலாம். முதல் பிள்ளைக்கு வாங்கிய பழைய எண்ணைக் கையில் வைத்திருங்கள், கேட்பார்கள். பிரசவமான பிறகு இந்த எண்ணுக்காகக் கணவரை அலையவிடுவதைவிட மூன்றாம் மாதத்தில் ஒரு மணி நேரம் செலவழிப்பது எவ்வளவோ மேல்.

12 கிலோ

இரண்டு வயதுக் குழந்தை ஏறக்குறைய 12 கிலோ. ஒரு நாளைக்கு இருபது தடவை தூக்கினால் என்ன ஆகும் என்று எந்த செக்கப்பிலும் யாரும் கேட்பதில்லை. கர்ப்பத்தில் இடுப்பெலும்பு மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. இரண்டாவது கர்ப்பத்தில் வயிற்றுத் தசை ஏற்கனவே ஒரு முறை விரிந்தது என்பதால் வயிறும் சீக்கிரமே தெரியும், முதுகுக்குக் கிடைக்கும் தாங்கலும் குறைவு. இந்த நிலையில் குழந்தையை ஒரு பக்க இடுப்பில் உட்கார வைத்து, மறு கையால் அடுப்பைக் கிளறினால் இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறும். ஐந்தாம் மாதத்திலேயே தொடை இடுக்கிலும் பின் இடுப்பிலும் சுள்ளென்று வலி தொடங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

தூக்கவே கூடாது என்பதில்லை. மருத்துவர் தடுக்காதவரை தூக்கலாம். ஆனால் குனிந்து தூக்காதீர்கள். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, குழந்தையை நெஞ்சோடு அணைத்து, மூச்சை வெளியே விட்டபடி தொடை பலத்தில் எழுங்கள். தூக்கிக்கொண்டே உடம்பைத் திருப்பாதீர்கள். காலை நகர்த்தித் திரும்புங்கள். இதைவிட நல்லது, தூக்குவதற்கு அவசியமே இல்லாமல் வீட்டை மாற்றுவது. வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல், கட்டிலுக்கு ஒரு படி, குளிக்க வைக்க உங்களுக்கு ஒரு மணைக்கட்டை. கொஞ்சுவதற்கு நீங்கள் சோபாவில் உட்கார்ந்து, அது ஏறி வரட்டும். “அம்மா உட்காருகிறேன், நீ வா” என்பதை நான்காம் மாதத்திலிருந்தே பழக்கினால், பிரசவத்துக்குப் பிறகு தூக்க முடியாத வாரங்களில் பிள்ளை அழாது. முந்தையது சிசேரியன் என்றால் இந்தப் பழக்கம் இன்னும் முக்கியம், ஏனென்றால் இந்த முறையும் ஆபரேஷன் என்றானால், அதற்குப் பின் ஆறு வாரத்துக்குக் கைக்குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்பார்கள்.

பாயில் படுக்கும் வீடுகளில், எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் புரண்டு, கையூன்றி, முட்டிபோட்டு எழுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்க வேண்டாம். ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். இரவில் மூத்தது எழுந்து அழுதால் போக வேண்டியது அப்பா. இதைக் கடைசி மாதத்தில் தொடங்கினால் பிள்ளை அப்பாவை ஏற்காது. குறைந்தது பத்து வாரம் முன்பே மாற்றுங்கள்.

தாய்ப்பால் நிறுத்துவது, டாய்லெட் பழக்குவது, தனிப் படுக்கை, புது டே கேர் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஒன்று, பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். இல்லை, பாப்பா பிறந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் செய்தால் எல்லாப் பழியும் புதுப் பாப்பா மேல் விழும்.

மீதிச் சோறு

குழந்தை தட்டில் வைத்த மீதியை அம்மா சாப்பிடுவது நம் வீடுகளில் சிந்திக்காமல் நடப்பது. இந்த ஒன்பது மாதமும் அதை நிறுத்துங்கள். சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று இருக்கிறது. டே கேரில் சிறு குழந்தைகளுக்குள் சத்தமில்லாமல் பரவும், அவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் எச்சில், சிறுநீர் வழியாகக் கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் காது கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடும். ஒரே ஸ்பூன், ஒரே டம்ளர் வேண்டாம். டயப்பர் மாற்றியதும் மூக்கைத் துடைத்ததும் சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுங்கள். முத்தம் உதட்டில் வேண்டாம், நெற்றியில் கொடுங்கள்.

அம்மை பற்றியும் ஒரு வார்த்தை. உங்களுக்குச் சின்ன வயதில் சின்னம்மை போட்டதா என்று உங்கள் அம்மாவிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். ப்ளே ஸ்கூலில் ஒரு பிள்ளைக்கு அம்மை என்று வாட்ஸாப்பில் செய்தி வந்தால், முன்பு அம்மை வராதவர்கள் அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும். தாமதித்தால் அதற்கான ஊசியின் பலன் குறையும். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். டெங்கு இருந்து இபுப்ரோபென் போட்டால் இரத்தக் கசிவு கூடும். இரத்த அழுத்தத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் காய்ச்சல் வந்ததும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரைக்கும் காபிக்கும் நடக்கும் சண்டை

கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தசோகை. அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கும். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். கால்சியம் 500 மில்லிகிராம் இரண்டு வேளை. மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாததற்குப் பல நேரங்களில் காரணம் நேரம்தான். கால்சியமும் இரும்பும் ஒன்றாகப் போனால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. காபி, டீ, பால், தயிரும் அப்படியே. நம் காலை டிபனோடு ஃபில்டர் காபியும் மாத்திரைகளும் ஒரே கைப்பிடியில் போவதுதான் பிரச்சினை.

ஆபீஸ் நாளுக்கு ஒத்துவரும் கணக்கு இது. காலை 8:30 டிபனோடு முதல் கால்சியம். ஒரு மணிக்குச் சாப்பாடு. மூன்றரைக்கு இரும்பு மாத்திரை, கூடவே அரை மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ ஒரு நெல்லிக்காயோ; வைட்டமின் சி இரும்பைச் சேர்க்க உதவும். மாலைக் காபி ஐந்து மணிக்கு. இரவுச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதை விடியற்காலை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, நான்கு மணி நேரத்துக்கு இரும்பும் கால்சியமும் பக்கத்தில் வராமல் பார்க்க வேண்டும். அப்போது முதல் கால்சியம் மதியச் சாப்பாட்டோடு போகும், இரும்பு நான்கு மணிக்கு. போனில் அலாரம் வையுங்கள். நான்கு மணி மீட்டிங்கில் நினைவு வராது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. மலச்சிக்கலுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், மாற்று மாத்திரை கேளுங்கள். ஏழாம் மாதத்திலும் ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள். அதற்கு அரை நாள் லீவு போதும்.

காபி ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்குள் இருக்க வேண்டும். திக்கான டிகாஷன் என்றால் இரண்டு சின்ன டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சர்க்கரைப் பரிசோதனையில் சென்னைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. கர்ப்ப கால நீரிழிவுக்கான இந்திய முறையை முன்னெடுத்தவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா; அவருடைய பிறந்த நாளான மார்ச் 10தான் தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். அந்த முறையில் வெறும் வயிறாக வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை. சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்ப கால நீரிழிவு. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி, சனிக்கிழமை காலையில் முடித்துவிடலாம். முதல் செக்கப்பில் ஒன்று, 24 முதல் 28 வாரத்தில் இன்னொன்று. முதலாவது சரியாக இருந்தது என்று இரண்டாவதை விடாதீர்கள். அந்த வாரங்களில்தான் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கத் தொடங்கும்.

ஆபீஸ்

மேனேஜரிடம் எப்போது சொல்வது? என்.டி. ஸ்கேன் முடிந்ததும் என்பது வழக்கம். ஆனால் நைட் ஷிஃப்டில் இருந்தாலோ மசக்கை கடுமையாக இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் மருத்துவரின் கடிதத்துடன் எச்.ஆருக்கு மெயில் போடுங்கள். அந்த மெயிலில் மூன்று விஷயம் போதும்: பிரசவத் தேதி, எந்த ஷிஃப்ட் வேண்டும், செக்கப் நாட்கள்.

கேப் பயணம் தனிச் சுமை. மெட்ரோ வேலையால் ஓ.எம்.ஆர். பல இடங்களில் குறுகிக் கிடக்கிறது. காலை எட்டுக்குள் போய்ச் சேர்ந்து நாலரைக்குக் கிளம்பும் நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். மீதி வேலையைக் குழந்தை தூங்கிய பிறகு வீட்டிலிருந்து முடிக்கலாம். சீட் பெல்ட்டின் கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பு மேல் வர வேண்டும். மேல் பட்டை மார்புகளுக்கு நடுவே. முன்னால் மூத்ததை நிற்க வைத்து, வயிற்றோடு ஸ்கூட்டி ஓட்டுவதை இன்றோடு விடுங்கள். ஒரு பள்ளத்தில் சடன் பிரேக் போட்டாலே போதும்.

மணிக்கு ஒரு தடவை எழுந்து மூன்று நிமிடம் நடங்கள். நெடுநேரம் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கர்ப்பத்தில் கூடும். கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரைக் குறைப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று சீக்கிரம் வரும். அது குறைப்பிரசவ வலியைத் தூண்டவும் கூடும். கடையில் நின்று வேலை பார்க்கும் பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தப்படி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும். தி. நகர் துணிக்கடையானாலும் சரி, உட்காருவது உங்கள் உரிமை.

ஒரு தலைவலி விஷயத்தில் மட்டும் சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் முன் மின்னல், மேல்வயிற்று வலி, முகம் வீங்குவது என்றால் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். “நாளெல்லாம் ஸ்கிரீன் பார்த்தேன், அதான்” என்று மாத்திரை போட்டுத் தூங்குவதால்தான் பிரச்சினை முற்றுகிறது. கையில் கட்டும் பி.பி. மெஷின் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு வாரம் இரு முறை பாருங்கள். 140/90 எட்டினால் மருத்துவரை அழையுங்கள், 160/110 என்றால் நேராக மருத்துவமனை. அதேபோல் 28 வாரத்துக்குப் பிறகு இரவுச் சாப்பாடு முடிந்ததும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து வராவிட்டால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. பகலில் வேலை மும்முரத்தில் அசைவு தெரியாது என்பதால்தான் இரவில் எண்ணச் சொல்கிறேன்.

வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பதை 30ஆம் வாரத்தில் தொடங்கி 34க்குள் முடித்துவிடுங்கள். “38 வரைக்கும் வருவேன்” என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். பி.பி. ஏறினாலோ குழந்தை வளர்ச்சி குறைந்தாலோ ஒரே செக்கப்பில் அட்மிட் ஆக வேண்டியிருக்கும். 34க்குப் பிறகு நீங்கள் ஆபீஸில் இருப்பது டீமுக்கு வசதி, ஆனால் அவர்கள் உங்களை நம்பியிருக்கக் கூடாது. அப்ரைசல் விடுப்புக்குள் வந்தால், அதுவரை செய்த வேலையை எழுத்தில் அனுப்பிவிட்டுப் போங்கள்.

விடுப்புக் கணக்கு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தப்படி, உயிருடன் இரண்டு குழந்தைகளுக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு 26 வாரம். ஆக இரண்டாவது பிரசவத்துக்கும் முழு 26 உண்டு. மூன்றாவதுக்கு 12தான். 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இதே கணக்கே. பிரசவத் தேதிக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். கர்ப்பத்தின் நடுவில் வேலை மாறுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வாரம் ஐந்து நாள் என்றால் 16 வாரம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இந்தப் பணம் இ.எஸ்.ஐ. வழியாக வரும், கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன.

நம் உதாரணத்துக்கு வருவோம். நவம்பர் 15, அதாவது 37ஆம் வாரம் முடிந்ததும் விடுப்பு தொடங்கினால், 26 வாரம் மே நடுவில் முடியும். அப்போது பாப்பாவுக்கு ஐந்தரை மாதம்கூட ஆகாது; ஆறு மாதத் தாய்ப்பால் காலம் ஜூன் முதல் வாரத்தில்தான் நிறையும். இந்த மூன்று வாரத்துக்கு 15 ஈட்டிய விடுப்பை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். அல்லது விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை செய்ய, நிறுவனமும் நீங்களும் ஒத்துக்கொள்ளும் வகையில் சட்டத்தில் இடம் இருக்கிறது. விடுப்பில் போகும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

தனியார் வேலையில் அப்பாவுக்கு விடுப்பு தரச் சட்டம் எதுவும் இல்லை, நிறுவனக் கொள்கைதான். எத்தனை நாள் கிடைத்தாலும் எல்லாவற்றையும் பிரசவ வாரத்தில் கரைக்க வேண்டாம். அந்த வாரம் பாட்டிகள் இருப்பார்கள். மூன்று நாள் அப்போது, மீதி பாட்டி ஊருக்குக் கிளம்பும் வாரத்தில். கை தேவைப்படுவது அப்போதுதான்.

வலி வரும் இரவு

இரண்டாவது பிரசவத்தில் வலி பெரும்பாலும் வேகமாக முன்னேறும். முதல் தடவை பதினான்கு மணி நேரம் ஆனது என்பதை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். வலி சீராக வரத் தொடங்கியதும், பத்து நிமிடத்துக்கு ஒன்று என்னும்போதே கிளம்புங்கள். முந்தையது சிசேரியன் என்றால் முதல் வலியிலேயே போக வேண்டும். பனிக்குடம் உடைந்தால், இரத்தம் பட்டால் யாராக இருந்தாலும் உடனே, 108 கையில் இருக்கட்டும்.

வீட்டில் மூத்தது தூங்கிக்கொண்டிருக்கும். இரவு இரண்டு மணிக்கு வரக்கூடிய மூன்று பேரின் பெயரை எழுதுங்கள்: ஒருவர் அதே அபார்ட்மெண்டில், ஒருவர் பத்து நிமிடத் தூரத்தில், ஒருவர் எந்த நாளும் வேலைக்குப் போகாதவர். அவர்கள் மூவரோடும் பிள்ளை ஒரு தடவையாவது நீங்கள் இல்லாமல் இருந்து பழகியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பையோடு பிள்ளைக்கும் ஒரு பை: மூன்று செட் உடை, தூங்கும்போது கட்டிப்பிடிக்கும் துணி, மருந்துப் பெயரும் எடையும் எழுதிய சீட்டு.

நவம்பர், டிசம்பரில் தேதி இருந்து, வீடு வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கம் என்றால் 37ஆம் வாரத்திலிருந்து மருத்துவமனைக்குப் பக்கத்தில் மேட்டுப் பகுதி உறவினர் வீட்டில் தங்குவதுதான் என் யோசனை. முடியாவிட்டால் சிவப்பு எச்சரிக்கை வந்ததும், மழை தொடங்கும் முன் கிளம்புங்கள். 2023இல் சில இடங்களில் மின்சாரமும் போனும் நாள்கணக்கில் இல்லை. மருத்துவரின் எண்ணும் ரிப்போர்ட்டும் பேப்பரில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்க வேண்டும். முன்கூட்டித் தீர்மானித்த சிசேரியன் வழக்கமாக 39ஆம் வாரத்தில் இருக்கும். வானிலை பார்த்து ஒன்றிரண்டு நாள் நகர்த்த முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

பிறந்த 21 நாளுக்குள் பிறப்புப் பதிவு. கம்பெனி இன்சூரன்ஸில் பாப்பாவைச் சேர்க்கும் கெடுவையும் விடுப்பில் போகும் முன்பே கேட்டு வையுங்கள். அது தப்பினால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க நேரும்.

திரும்பும் வாரம்

வேலைக்குத் திரும்ப நான்கு வாரம் இருக்கும்போதே, எடுத்து வைத்த பாலைப் பாலாடையிலோ கப்பிலோ நீங்கள் அல்லாத ஒருவர் கொடுத்துப் பழக்கட்டும். நீங்கள் கொடுத்தால் பாப்பா மார்பைத்தான் தேடும். பிழிந்த பால் 25 டிகிரி அறையில் நான்கு மணி நேரம் இருக்கும் என்று எழுதியிருப்பார்கள். சென்னை மே மாதத்தில் நம் சமையலறை 25 டிகிரி அல்ல. எடுத்த உடனே ஃப்ரிட்ஜில், உள்பக்கத் தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம். நான்கு நாள் தாங்கும். ஃப்ரீசரில் ஆறு மாதம். ஆபீஸிலிருந்து கொண்டுவர ஐஸ் ஜெல் வைத்த பை, 24 மணி நேரம் வரை. நீண்ட பவர்கட்டில் உருகிய பாலைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

பாப்பாவுக்கு 15 மாதம் ஆகும் வரை ஒரு நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் சட்டப்படி உண்டு, அவற்றைக் காலண்டரில் மீட்டிங்காகவே போட்டு வையுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கவும் அனுமதி உண்டு.

வேலைக்குத் திரும்பும் முதல் நாளைத் திங்கட்கிழமையில் வைக்காதீர்கள், வியாழக்கிழமை வையுங்கள். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தால் பால் எங்கே குறைகிறது, வேன் எங்கே தாமதமாகிறது, யார் எத்தனை மணிக்குப் பசியில் அழுகிறார்கள் என்று தெரிந்துவிடும். சனி ஞாயிறில் சரிசெய்யலாம். அந்த வியாழன் மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் மூத்ததை முதலில் மடியில் உட்கார வையுங்கள். பாப்பா ஐந்து நிமிடம் பாட்டி கையில் இருக்கட்டும்.